டிஜே மிக்ஸரில் வெளி எஃபெக்ட் கருவியை இணைப்பது எப்படி? செண்ட்/ரிட்டர்ன் இல்லாத மிக்ஸரில் அதற்கு வழி உண்டா?

மிக்ஸரின் செண்டிலிருந்து (ஒலியை வெளியே அனுப்பும் ஜாக்) கருவியின் இன்புட்டுக்கு ஒரு ஜோடி கேபிள், கருவியின் அவுட்புட்டிலிருந்து மிக்ஸரின் ரிட்டர்னுக்கு (அதைத் திரும்ப வாங்கும் ஜாக்) இன்னொரு ஜோடி. மாட்டுகிற வேலை அவ்வளவுதான். மாட்டிய பிறகு "சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது", "எஃபெக்டைக் கூட்டினால் டிரம்ஸ் காணாமல் போகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: மூல ஒலி எந்த வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது என்று முடிவு செய்யாமலே மாட்டிவிடுவது.

வழி இரண்டு. ஆக்ஸ் முறையில் பாட்டு வழக்கம்போல மிக்ஸருக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். அதன் நகல் மட்டும் கருவிக்குப் போய், எஃபெக்ட் ஏறி வந்து மூலத்தோடு சேரும். இன்சர்ட் முறையில் பாட்டு முழுவதுமாகக் கருவிக்குள் நுழைந்து வெளியே வரும். வேறு பாதை கிடையாது. சில மிக்ஸர்களில் இது நம் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. பயனியர் டிஜேஎம்-900என்எக்ஸ்எஸ்2-இல் இரண்டு முறையும் உண்டு. ஆலன் அண்ட் ஹீத் ஸோன்:92 ஆக்ஸ் வகை. அதில் தனித்தனியாக இரண்டு செண்ட் இருக்கும். உங்கள் மிக்ஸர் எந்த வகை என்பதைக் கையேட்டில் முதலில் பாருங்கள்.

ஆக்ஸ் என்றால் கருவியின் மிக்ஸ் குமிழை முழு வெட்டில் (wet: மூல ஒலி கலக்காத வெறும் எஃபெக்ட் ஒலி) வைக்க வேண்டும். கருவி கொஞ்சம் மூல ஒலியையும் திருப்பி அனுப்பினால் அதே பாட்டு இரண்டு தடவை கலக்கும். டிஜிட்டல் கருவி ஒலியை எண்ணாக்கித் திருப்பித் தர ஓரிரு மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அது 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்தத் தகர டப்பா ஓசை இதுதான். இன்சர்ட்டில் கதை தலைகீழ்: அங்கே முழு வெட் வைத்தால் வெறும் ரிவெர்ப் (அரங்கில் கேட்கும் முழக்கம்) மட்டும் மிஞ்சும், டிரம்ஸ் போயே போய்விடும். மிக்ஸ் குமிழை விரலால் ஏற்றி இறக்க வேண்டிய இடம் அதுதான்.

எந்த எஃபெக்டுக்கு எது? டிலே (எதிரொலி), ரிவெர்ப் இரண்டும் ஆக்ஸுக்குப் பிறந்தவை. செண்டுக்குப் போகும் ஒலி சேனலின் ஃபேடருக்கு (சத்தத்தை ஏற்றி இறக்கும் நெம்பி) அப்புறம் எடுக்கப்பட்டால் ஃபேடரை மூடிய பிறகும் எதிரொலியின் வால் தானாகத் தேய்ந்து அடங்கும். பாட்டிலிருந்து வெளியேற இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது. ஃபில்டர் (பேஸ் போன்ற ஒரு பகுதியை வெட்டுவது), டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் இன்சர்ட்டுக்குத்தான். ஃபில்டரை ஆக்ஸில் போட்டுப் பேஸை வெட்டிப் பாருங்கள்: மிக்ஸருக்குள் ஓடும் மூலத்தில் பேஸ் அப்படியே இருக்கும், நீங்கள் வெட்டியது யாருக்கும் கேட்காது.

காலி சேனல் ஒன்று இருந்தால் ரிட்டர்ன் ஜாக்கை விட்டுவிட்டு அந்தச் சேனலின் லைன் இன்புட்டுக்கே எஃபெக்டைக் கொண்டுவருவேன். ரிவெர்ப்பின் பேஸை இக்யூவில் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) குறைக்கலாம், ஃபேடரில் பிடித்து ஏற்றலாம், ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தச் சேனலின் செண்ட் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். திறந்தால் எஃபெக்ட் தன்னையே விழுங்கிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, ஸ்பீக்கர் அலறும். ஃபோனோ இன்புட்டில் தப்பித்தவறியும் மாட்டாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சிக்னலுக்கானது. உள்ளே வருவதைப் பல மடங்கு பெருக்கிவிடும்.

சரி, செண்டே இல்லாத மிக்ஸர் என்றால்? ப்ளேயருக்கும் சேனலுக்கும் நடுவே கருவியை வைக்கலாம். எஃபெக்ட் அந்த ஒரு டெக்குக்கு மட்டும் கிடைக்கும். மாஸ்டர் அவுட்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைக்கும், ஆனால் கருவியின் அடாப்டர் கழன்றால் மொத்த அரங்கும் அமைதியாகிவிடும் அபாயம் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பூத் அவுட்டை (டிஜேயின் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு) செண்டாக்கி, காலி சேனலில் திருப்பிக் கொண்டுவரலாமே என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். திரும்பி வந்த சேனலும் பூத்தில் சேர்ந்தே வெளியேறும், மறுபடியும் அதே அலறல். ஹெட்ஃபோன் ஜாக் இரண்டு இருக்கும் மிக்ஸரில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு ஜாக்கிலிருந்து இடம் வலம் பிரியும் கேபிள் போட்டுக் கருவிக்கு அனுப்புங்கள், மிக்ஸரின் ஹெட்ஃபோன் மிக்ஸ் குமிழை முழு க்யூ (ஹெட்ஃபோனில் மட்டும் முன்கூட்டிக் கேட்பது) பக்கம் திருப்புங்கள். க்யூ அழுத்திய சேனல் மட்டும் எஃபெக்டுக்குப் போகும். திரும்பி வரும் சேனலின் க்யூவை மட்டும் தொடக்கூடாது. அடுத்த பாட்டை நீங்கள் க்யூவில் கேட்கும்போது அதுவும் எஃபெக்டுக்குள் போகும் என்பதால், அந்த நேரத்தில் எஃபெக்ட் சேனலின் ஃபேடரை இறக்கி வைக்க வேண்டும்.

லெவல் விஷயத்தில் கிட்டார் பெடல் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஸ்டுடியோ கருவிகளின் +4 டிபியூ என்பது சுமார் 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் -10 டிபிவி 0.316 வோல்ட். இடையே ஏறக்குறைய 12 டெசிபெல். கிட்டாரின் சிக்னல் பொதுவாக இவற்றையும்விடச் சிறியது. அதனால் மிக்ஸரிலிருந்து வரும் இந்த லைன் லெவலைப் பெடலுக்கு அப்படியே அனுப்பினால் நசுங்கிக் கரகரக்கும். செண்ட் குமிழைப் பாதிக்கும் கீழே வைத்து, குறைந்ததை ரிட்டர்ன் சேனலின் கெயினில் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) ஈடுகட்டுங்கள். கொஞ்சம் இரைச்சல் கூடும், பரவாயில்லை. பல பெடல்கள் மோனோ. அகலமாக விரிந்த ரிவெர்ப் வேண்டுமென்றால் இன்புட், அவுட்புட் இரண்டிலும் ஸ்டீரியோ உள்ள கருவிதான் சரி.

இணைத்ததும் "ம்ம்ம்" என்று அடித்தொனியில் ஒரு ஹம் வந்தால், மிக்ஸரையும் கருவியையும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஆடியோ கேபிளுக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், அது உயிர் விஷயம்.

அப்புறம் டெம்போ. டிலே பாட்டின் தாளத்தில் விழ, மிக்ஸரில் மிடி அவுட் (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இணைப்பு) இருந்து அது தாள வேகத்தைச் சொல்லும் க்ளாக் அனுப்பினால் ஒரு மிடி கேபிள் போதும், கருவி தானே பின்தொடரும். இல்லையென்றால் தாளத்துக்குத் தட்டும் டாப் (tap) பட்டன்தான். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கு) ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். 60,000-ஐப் பிபிஎம்மால் வகுத்தால் எந்தப் பாட்டுக்கும் கணக்கு வந்துவிடும்.