முன் டிஸ்க் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, பெரிய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை மாட்டலாமா?

பழைய 150 சிசி வண்டி, முன்னால் ஒற்றை டிஸ்க், ஏபிஎஸ் கிடையாது, லீவரை அழுத்தினால் ஆக்சிலேட்டர் பிடி வரைக்கும் வந்துவிடுகிறது, இரண்டு டிஸ்க் உள்ள பெரிய வண்டியில் கழற்றிய மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுகிற உருளை) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதை மாட்டினால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காது. லீவர் கெட்டியாகும், ஆனால் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். திருமங்கலத்தில் இருந்து மதுரைக்குத் தினமும் போய்வருகிற என் வண்டியில் இதே வேலையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கும் இதே தொந்தரவுதான் இருந்தது. பழைய சாமான் கடையில் பெரிய வண்டியின் சிலிண்டர் ஒன்றைப் பார்த்தேன், வாங்கினேன், வீட்டிலேயே மாட்டினேன். இரண்டு வண்டிக்கும் ஹேண்டில் பார் 22 மிமீ என்பதால் கிளாம்ப் கச்சிதமாக உட்கார்ந்தது, கண்ணாடி மாட்டும் ஓட்டைகூடச் சரியாக இருந்தது. ஆயிலில் இருந்த காற்றெல்லாம் எடுத்துவிட்டு அழுத்தினால் லீவர் கல் மாதிரி நின்றது, வாசலில் நின்று இருபது தடவையாவது அழுத்திப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை கப்பலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றுவிட்டது. எப்போதும் போல இரண்டு விரலில் பிடித்தேன், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. நான்கு விரலையும் போட்டு இறுக்கி, பின் பிரேக்கையும் மிதித்து, ஆட்டோவின் பின்பலகைக்கும் என் மட்கார்டுக்கும் ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றேன்.

அன்று சாயங்காலமே பழங்காநத்தத்தில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனேன். அண்ணன் வேறெதுவும் பேசவில்லை, புது சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார், அழுக்குக்கு அடியில் 5/8 என்று வார்ப்பிலேயே இருந்தது. பையில் வைத்திருந்த என் பழையதை வாங்கி அதே இடத்தைத் துடைத்தார், அதில் 1/2. "லீவரு கெட்டியா இருந்தா போதுமா தம்பி, வண்டி நிக்கணும்ல?" என்றார்.

அந்த எண் உள்ளே ஓடுகிற பிஸ்டனின் விட்டம், இன்ச் கணக்கில். சில சிலிண்டர்களில் 11, 14 என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும். சின்ன சிரிஞ்சையும் பெரிய சிரிஞ்சையும் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சின்னதில் விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சும், பெரியதில் அதே பலத்தில் அழுத்தினால் அடைத்த விரல் தாங்கிக்கொள்ளும். கை கொடுக்கிற பலம் ஒன்றுதான், அது எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதில்தான் அழுத்தம் இருக்கிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கண்ணுக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரிவது கணக்கில் பெரிதாகிவிடும். 1/2 இன்ச் இருந்த இடத்தில் 5/8 போட்டால், லீவரின் அளவுகள் ஒன்றாகவே இருந்தாலும், அதே கைபலத்துக்கு கேலிப்பரில் (டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கிற பாகம்) 100 பங்கு அழுத்தம் வந்த இடத்தில் 64 பங்குதான் வரும். 1/2 இன்ச்சில் இருந்து 14 மிமீக்குப் போனால்கூட 82 பங்குதான். பதிலுக்கு, பெரிய பிஸ்டன் ஒரே தள்ளில் அதிக ஆயிலைத் தள்ளுவதால் லீவர் கொஞ்ச தூரமே போகும், அதுதான் நமக்குக் கெட்டியாகத் தெரிகிறது. இரண்டு டிஸ்க் வண்டியில் இரண்டு கேலிப்பருக்கும் ஆயில் தள்ள வேண்டும், அதனால் அங்கே 5/8 சரியான அளவு. நம் ஒற்றை கேலிப்பருக்கு அது தப்பான அளவு.

அப்படியானால் உங்கள் லீவர் ஏன் பஞ்சாக இருக்கிறது? பழைய வண்டியில் சிலிண்டர் சின்னதாக இருப்பது காரணமாகவே இருக்காது, புது வண்டியாக இருந்தபோது அதே சிலிண்டர்தானே நன்றாகப் பிடித்தது. முதலில் மேலே உள்ள ஆயில் டப்பாவின் கண்ணாடியைப் பாருங்கள். புது பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், என்னுடையது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. டாட் 3, டாட் 4 என்கிற பிரேக் ஆயில் வகைகள் இரண்டும் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால் லீவர் ஒன்றுமே இல்லாமல் உள்ளே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான், நம்மில் பலர் வண்டி வாங்கியதில் இருந்து மாற்றியதே இல்லை.

அடுத்து ரப்பர் ஹோஸ். வயசான ஹோஸை ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் லீவரை அழுத்தினால் உள்ளங்கையில் அது புடைப்பது தெரியும், நீங்கள் கொடுக்கிற அழுத்தத்தில் ஒரு பகுதி ஹோஸை ஊதுவதற்கே போகிறது. அப்புறம் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப். லீவரை அழுத்திப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் இருங்கள், பைய உள்ளே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், கப் தேய்ந்துவிட்டது. கேலிப்பர் வழுக்குகிற பின்கள் காய்ந்து இறுகிப்போயிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், அதற்குக் கழற்றித் துடைத்து அதற்கான கிரீஸ் தடவினால் போதும்.

நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான். பழைய 1/2 இன்ச் சிலிண்டரையே திரும்ப எடுத்து, உள்ளே பிஸ்டன், கப், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த கிட் போட்டேன், ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னிய ஹோஸ், புது பேட், புது டாட் 4 ஆயில். ஸ்டீல் ஹோஸ் போட்ட அன்றே லீவர் எந்த இடத்தில் கடிக்கிறது என்று விரலுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கிட் போடும்போது ஒன்று மட்டும் கவனம்: ரப்பரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், இன்ஜின் ஆயிலும் படக்கூடாது, உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே நனைத்துப் போடுங்கள்.

டப்பாவுக்கு அடியில் இரண்டு ஓட்டைகள் உண்டு, அதில் ஒன்று ஊசி முனை அளவுகூட இருக்காது. லீவரை விட்ட பிறகு ஆயில் திரும்பி மேலே ஏறுவதும், சூட்டில் விரிகிற ஆயிலுக்கு இடம் கொடுப்பதும் அந்தப் பொடி ஓட்டைதான். என்னுடையதில் பழைய ஆயில் பாசி மாதிரி படிந்து அதை அடைத்திருந்தது. ஒயரில் இருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி அண்ணன் அதில் விட்டு எடுத்தார், தடித்த ஊசியைவிட்டு ஓட்டையைப் பெரிதாக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அந்த ஓட்டை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஆண்டிப்பட்டி கணவாயில் பார்த்தேன். கூட்டாளி ஒருவன் வேறு லீவர் மாட்டியிருந்தான், பார்க்க அழகாக இருக்கிறது என்று. அதன் முனை பிஸ்டனை எப்போதும் ஒரு மயிரிழை தள்ளிக்கொண்டே இருந்து, ரப்பர் கப் அந்தப் பொடி ஓட்டையை மூடியிருக்கிறது, தேனியில் இருந்து வரும்போது ஆயில் சூடாகி விரிந்து, போக இடமில்லாமல் பேடைத் தானாகவே இறுக்க ஆரம்பித்துவிட்டது. வண்டியைத் தள்ளக்கூட முடியவில்லை, டிஸ்க்கில் இருந்து கருகின வாடை. ஆற வைத்து, கேலிப்பர் நிப்பிளை (காற்று எடுக்கத் திறக்கிற சின்னத் திருகு) 8 ஆம் நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்றுத் திறந்ததும் ஆயில் சர்ரென்று அடித்து சக்கரம் விட்டது. நிப்பிளை மூடிவிட்டு, அவன் டூல் பையில் இருந்த பழைய லீவரைத் திரும்ப மாட்டி, முன் பிரேக்கைத் தொடாமல் பைய உருட்டித்தான் உசிலம்பட்டி வந்தோம். ஓடும்போது சக்கரம் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஆகவே எந்த லீவர், எந்த சிலிண்டர் போட்டாலும், பிஸ்டனைத் தொடுவதற்கு முன்னால் லீவர் முனையில் சில மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலிண்டரை மாற்றியே தீருவது என்றால், கேலிப்பரையும் பெரிதாக்கும்போதுதான் மாற்ற வேண்டும். பிரெம்போ கம்பெனியின் ஆர்சிஎஸ் 19 மாதிரி ரேடியல் வகை (லீவரை இழுக்கிற திசையிலேயே பிஸ்டன் நகர்கிற) சிலிண்டரைப் பலர் ஆசைப்படுகிறார்கள், அந்த 19 என்பது பிஸ்டன் விட்டம், இரண்டு டிஸ்க் வண்டிக்கானது. ஹோஸை சிலிண்டரில் இணைக்கிற பாஞ்சோ போல்ட்டின் மரையும் மாறும்: ஜப்பான் வகையில் பெரும்பாலும் 10 மிமீ போல்ட்டுக்கு 1.25 மிமீ பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), பிரெம்போவில் 1.0. இரண்டு சுற்று ஏறுகிறதே என்று திருகினால் சிலிண்டர் போச்சு. இரண்டு பக்கமும் செப்பு வாசரைப் புதிதாகப் போடுங்கள், பிரேக் லைட் சுவிட்ச் புதிய சிலிண்டரில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஏபிஎஸ் வண்டி இருந்தால் (2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம்) சிலிண்டர் அளவில் கையே வைக்க வேண்டாம்.

காற்று எடுக்கும்போது கேலிப்பரில் குமிழி நின்ற பிறகும் லீவர் பஞ்சாக இருந்தால், காற்று பெரும்பாலும் மேலே பாஞ்சோ போல்ட் பக்கம்தான் மாட்டியிருக்கும், அது தானாகக் கீழே வராது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து வைத்து, லீவரை நுனிவிரலால் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகாமல் தட்டிக்கொண்டே இருங்கள், கடுகு மாதிரி குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். கால் மணி நேரம் தட்டினேன், லீவர் கண் முன்னாலேயே இறுகியது. பெட்ரோல் டேங்க் மேல் பிரேக் ஆயில் சொட்டினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயிண்ட்டை உரித்துவிடும்.

வேலை முடிந்ததும் ரோட்டுக்குப் போகாமல் தெருவில் நடக்கிற வேகத்தில் நாலு தடவை நிறுத்திப் பாருங்கள், பிறகு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். ராத்திரி பாஞ்சோ போல்ட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரைக் கட்டி வையுங்கள். காலையில் அது காய்ந்தே இருந்தால் வண்டியை எடுங்கள்.