டயாலிசிஸும் தாம்பத்தியமும்

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வருடங்களாக டயாலிசிஸ் செய்துவருகிறேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. சில காலமாக விறைப்பு சரியாக வருவதில்லை. ஆசையும் குறைந்துவிட்டது. நான் ஒதுங்கிப் போவதாக மனைவிக்கு வருத்தம். இதையெல்லாம் சிறுநீரக டாக்டரிடம் கேட்கலாமா? விளம்பரத்தில் வரும் வீரிய மாத்திரையை வாங்கிச் சாப்பிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கேட்டே ஆகவேண்டும். டயாலிசிஸில் இருக்கும் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. டயாலிசிஸ் அறையில் எடை எவ்வளவு ஏறியது, பிரஷர் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் காதில் விழுமே என்று நோயாளியும் வாய் திறப்பதில்லை. அதனால் டாக்டரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போங்கள்.

ஆசை குறைந்ததற்கு மனம் மாறியது காரணமல்ல என்பதை மனைவி டாக்டர் வாயால் கேட்பது நல்லது. சிறுநீரகம் பழுதானால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் சரியாக வெளியேறாமல் ரத்தத்தில் கூடும். இரண்டும் சேர்ந்தால் ஆசை தானாக அடங்கிவிடும். சர்க்கரையும் கொதிப்பும் நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுத்திருக்கலாம். அதோடு ரத்தசோகை, டயாலிசிஸ் முடிந்த அன்று ஆளை அடித்துப் போடும் அசதி, மனச்சோர்வு எல்லாம் சேரும்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அட்டெனோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு புரோலாக்டினை ஏற்றும். டாக்டர் மாற்றித் தரலாம்; ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின், காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையைச் சரிசெய்தாலே சிலருக்குத் தெம்பு திரும்பும்.

விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில் மாத்திரை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் பலன் தருகிறது. பெரும்பாலும் 25 மில்லிகிராமில் தொடங்குவோம். டயாலிசிஸுக்கு முன்னால் சாப்பிட்டால் பிரஷர் சட்டென்று இறங்கலாம், எந்த நாளில் எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உங்களிடம் இருந்தால் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

விளம்பர மாத்திரை வேண்டவே வேண்டாம். ‘மூலிகை’ என்று விற்கும் சிலவற்றில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. நைட்ரேட் சாப்பிடுபவர் அதை விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உறவு கொள்வதால் சிறுநீரகம் இன்னும் கெட்டுவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். கெடாது. டயாலிசிஸ் இல்லாத நாளில், உடம்பு தெளிவாக இருக்கும் நேரத்தில் நெருங்கியிருங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் மட்டும் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.