விளக்கைச் சுற்றி மொய்ப்பது நுளம்பா, வேறு பூச்சியா?

கந்தளாய்க் குளம் போன்ற நீர்நிலைகளுக்கு அருகே, திருகோணமலைப் பக்கம் பொழுதுபட்டதும் நுளம்பு மாதிரியே ஒரு பூச்சி விளக்கை மொய்க்கும். அது என்ன என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது கைரோனோமிடே குடும்பத்துக் கடிக்காத சிறு ஈ. நுளம்பும் இதுவும் ஈக்கள் என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவைதான், அதற்குள் குடும்பம்தான் வேறு.

முதலில் வாயைப் பாருங்கள். நுளம்புக்கு ஊசி போன்ற நீண்ட குழல் உண்டு, இதற்கு இல்லை. உட்காரும்போது இது முன்னங்கால்களைத் தூக்கும். நுளம்பு பின்னங்கால்களைத் தூக்கும். இறகு போன்ற உணர்கொம்பை மட்டும் நம்ப வேண்டாம், ஆண் நுளம்புக்கும் அது உண்டு. இந்தக் கடிக்காத ஈயின் புழுக்கள் நீரடிச் சேற்றில் வாழும். அங்கே ஒட்சிசன் குறைவு என்பதால் பல இனங்களின் புழு உடலில் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் இருக்கிறது, அதனால்தான் அந்தப் புழுக்கள் சிவப்பாக இருக்கும்.

சரி, குடும்பம் தெரிந்துவிட்டது, இனம்? அதுதான் கடினம். வட அரைக்கோளத்தில் பரவலாக வாழும் கைரோனோமஸ் புளுமோசஸ் இனத்துக்கு சுவீடன் நாட்டு அறிவியலாளர் லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்டார். ஆனால் அதன் நெருங்கிய உறவினங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பெரிய குரோமோசோம்களின் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளின்) பட்டைகளை நுணுக்குக்காட்டியில் ஒப்பிடுகிறார்கள். கடைப் பொருளின் பார்கோட் போல, பட்டைகளின் வரிசை இனத்துக்கு இனம் மாறும்.

இந்தக் கடிக்காத ஈ டெங்கு பரப்பும் என்று பலர் பயப்படுகிறார்கள். டெங்கைப் பரப்புவது ஏடிஸ் நுளம்பு, இந்தப் பூச்சி இரத்தமே குடிப்பதில்லை.