கல்லூரி குவார்ட்டர்பேக்கின் எண்களை வாசிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கினேன். பந்தைக் கையால் வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவருக்கு 202 என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். அது எத்தனைக்கு 202?

பதில்: அது நூற்றுக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் அல்ல. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 1979 முதல் பயன்படுத்தும் சூத்திரம் இது: பாஸ்களால் கிடைத்த யார்டுகளை 8.4 ஆலும், டச்டவுன்களை (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பதை) 330 ஆலும், பிடிக்கப்பட்ட பாஸ்களை 100 ஆலும் பெருக்கிக் கூட்டி, எதிரணியின் கைக்குப் போன ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 200 கழித்து, வரும் தொகையை வீசிய மொத்தப் பாஸ்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1965 முதல் 1978 வரையிலான ஆட்டங்களின் சராசரி 100 ஆக வரும்படி அதை வடிவமைத்தார்கள். இன்றைய சராசரி அதைவிட வெகுவாக உயர்ந்துவிட்டதால், இருவேறு காலத்து வீரர்களை இந்த எண்ணைக் கொண்டு ஒப்பிடுவதில் பொருளில்லை.

கேள்வி: தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் மதிப்பெண்ணும் இதுதானா?

பதில்: இல்லை. அது வேறு சூத்திரம்; அதில் 158.3 தான் உச்சம்.

கேள்வி: லூசியானா ஸ்டேட் அணியின் ஜோ பரோ 2018இல் 133 மதிப்பெண்ணும் அடுத்த ஆண்டே 202 மதிப்பெண்ணும் பெற்றார். எது உண்மையான பரோ?

பதில்: இரண்டும்தான். 2018இல் அவர் வீசியவற்றில் 57.8 சதவீதம் பிடிக்கப்பட்டன. 2019இல் 527 பாஸ்களில் 402, அதாவது 76.3 சதவீதம். அவர் தேறியிருந்தார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே இடைவெளியில் ஜோ பிரேடி என்ற பயிற்சியாளர் வந்து பாஸ் ஆட்டத்தையே மாற்றியமைத்தார்; முந்தைய ஆண்டே அணியில் இருந்த ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஜாமார் சேஸும் பாஸ்களைப் பிடிப்பதில் முதிர்ந்த ரிசீவர்களாகியிருந்தார்கள். மதிப்பெண் குவார்ட்டர்பேக்கின் பெயரில் எழுதப்பட்டாலும் அது முழுத் தாக்குதல் அணியின் கணக்கு. மறு ஆண்டே அலபாமாவின் மேக் ஜோன்ஸ் 203.1 பெற்று பரோவை முந்தினார். அவர் வீசியதைப் பிடித்தவர்களில் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை அவ்வாண்டு பெற்ற டெவான்டா ஸ்மித்தும் ஒருவர். ஆகவே பரோவைவிட ஜோன்ஸ் சிறந்தவர் என்று வாதிடுபவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கேள்வி: ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

பதில்: ஒரு பாஸுக்குச் சராசரியாக எத்தனை யார்டு என்பதை. வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 2021இல் 5,967 யார்டுகளும் 62 டச்டவுன்களும் குவித்தார். இரண்டிலும் பரோவின் 5,671ஐயும் 60ஐயும் தாண்டினார். ஆனால் அதற்கு 686 பாஸ்கள் தேவைப்பட்டன, வகுத்தால் 8.7 யார்டு. பரோவுக்கு 10.8. மொத்த யார்டு என்பது பெருமளவு பயிற்சியாளர் எத்தனை முறை வீசச் சொன்னார் என்பதையே காட்டும்.

கேள்வி: சாக் ஆகும்போது, அதாவது பாஸ் வீசுமுன்பே குவார்ட்டர்பேக்கை எதிரணி வீழ்த்தும்போது, இழக்கும் யார்டுகள் எங்கே போகின்றன?

பதில்: நல்ல கேள்வி, பலர் கவனிக்காத இடம் இது. என்எஃப்எல் அவற்றை அணியின் பாஸ் கணக்கில் கழிக்கிறது. கல்லூரி ஆட்டத்திலோ அவை குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. பந்தை விடாமல் வைத்திருந்து அடிக்கடி வீழ்பவரின் பாஸ் மதிப்பெண்ணில் ஒரு கீறலும் விழாது. நன்றாக ஓடக்கூடியவர் ஓடத் தெரியாதவர்போலத் தெரிவார். பாஸ் யார்டிலிருந்து சாக் இழப்பைக் கழித்து, வீசிய பாஸ்களையும் சாக்குகளையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். வரிசை பல இடங்களில் மாறும்.

கேள்வி: என்எஃப்எல்லில் பெயர்பெற்ற குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன், வையோமிங் பல்கலைக்கழகத்தில் வீசியவற்றில் பிடிக்கப்பட்டவை 56 சதவீதம்தான். அப்படியானால் பிடிக்கப்படும் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாமா?

பதில்: பார்க்க வேண்டும். ஆலன் என்எஃப்எல்லின் முதல் ஆண்டிலும் 52.8 சதவீதத்தில்தான் நின்றார், 2020இல் 69.2க்கு உயர்ந்து, 2024 பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரரானார். விதிவிலக்கை வைத்து விதி எழுதக்கூடாது. அதே சமயம், அருகில் நிற்பவருக்கு எறியும் ஸ்க்ரீன் பாஸ்களால் 70 சதவீதம் எட்டியவரையும், தொலைவாக வீசி 58இல் நிற்பவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரி வாழ்நாள் சாதனைகளுக்கு மதிப்பு உண்டா?

பதில்: குறைவுதான். ஹூஸ்டனின் கேஸ் கீனம் 19,217 யார்டுகள் எடுத்து எல்லோரையும் முந்தினார். காயத்தால் கிடைத்த கூடுதல் ஆண்டும் அதில் அடக்கம். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் 2012 தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை.