குசினி அலுமாரிகளுக்கு முழுவெள்ளையா, கடும் நீலமா?

மட்டக்களப்புக் கல்லடியில் கட்டிவரும் வீட்டின் குசினி அலுமாரிகளுக்கு முழுவெள்ளை அடிப்பதா, கடும் நீலம் அடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். குசினி சிறியது, யன்னல் ஒன்றுதான், அதுவும் மேற்குப் பக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் விட்டுவிட்டு, மேல் அலுமாரிகளுக்குக் கிறீம் நிறமும் கீழ் அலுமாரிகளுக்குச் சாம்பல் கலந்த இளம்பச்சையும் அடியுங்கள் என்பேன். நானும் அதே கல்லடியில் முதலில் முழுவெள்ளை அடித்து, நான்கே ஆண்டுகளில் அதைத் தேய்த்தெடுத்து மறுபடியும் பூசியவன்.

எங்கள் வீட்டில் வெள்ளையைக் கெடுத்தது சமையல் மஞ்சள்தான். அடுப்புக்குப் பக்கத்து லாச்சியின் பிடியைச் சுற்றி, மீன் ஆணம் வைத்த கையின் விரல்கள் பட்டுப் பட்டு இளமஞ்சளாக ஒரு வளையம் விழுந்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தபோது அது போகவில்லை. கண்முன்னே செம்மண் நிறமாக மாறியது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் சவர்க்காரத்திலும் சுண்ணாம்பிலும் உள்ள காரத்தன்மையோடு சேர்ந்தால் சிவக்கும். ஆலாத்தித் தண்ணீருக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கரைப்பதும் இதற்காகத்தானே. வெயில் பட்டால் இந்தக் கறை நாளடைவில் வெளிறும் என்பது உண்மை, ஆனால் பூட்டிய லாச்சியைக் கழற்றி யார் முற்றத்தில் காயவைப்பார்கள்?

இன்னொன்று, எண்ணெய் கலந்த எனாமல் வெள்ளை வெளிச்சம் படாத இடத்தில் தானாகவே பழுப்பேறும். எங்கள் அலுமாரிக் கதவுகளின் உட்பக்கம் வெளிப்பக்கத்துக்கு முன்னரே நிறம் மாறிவிட்டது. வெள்ளைதான் வேண்டுமென்றால் நீரில் கரையும் அக்ரிலிக் எனாமலை வாங்குங்கள். இவற்றோடு, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் ஊரில் இரும்புப் பிணைச்சல்கள் துருப்பிடித்து, கதவில் மண்ணிறக் கோடு இறங்குவதும் வெள்ளையில்தான் தெளிவாகத் தெரியும். எந்த நிறமானாலும் துருப்பிடிக்காத உருக்குப் பிணைச்சலையே பூட்டுங்கள்.

கடும் நீலம் அழகான நிறம்தான். பெரிய குசினியில், பகல் வெளிச்சம் தாராளமாக வரும் இடத்தில் நானே அடிக்கச் சொல்லியிருப்பேன். மேற்கு யன்னலில் பிற்பகலுக்குப் பின் வரும் செம்மஞ்சள் வெயில் நீலத்தை மங்கச் செய்யும். இரவில் 3000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் விளக்கின் கீழ் அது ஏறத்தாழக் கறுப்பாகவே தெரியும். பிட்டுக்கு மாக் குழைத்த கையால் ஒரு முறை கதவைத் திறந்தால் ஐந்து விரலும் அப்படியே பதிந்து நிற்கும்.

கடையில் தரும் நிற அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தபால் தலையளவில் மென்மையாகத் தெரியும் நிறம், பத்துக் கதவுகளில் பரவும்போது பல மடங்கு அடர்த்தியாகத் தோன்றும். சிறிய ரின் ஒன்றை வாங்கி, ஓடாவி வெட்டி மிஞ்சிய இரண்டடிப் பலகைத் துண்டில் இரண்டு பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பின் அலுமாரி வரப்போகும் இடத்திலேயே நிமிர்த்தி வைத்து, காலையிலும் பிற்பகல் நான்கு மணிக்கும் இரவு விளக்கிலும் பாருங்கள். பிறகு அதிலே கொஞ்சம் மஞ்சளும் எண்ணெயும் தடவி, ஒரு நாள் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நான் இளம்பச்சைக்கு வந்தது அப்படித்தான். நான்கு துண்டுகளில் அதில் மட்டுமே கறை கண்ணில் குத்தவில்லை.

பளபளப்பு நடுத்தரமாக இருக்கட்டும். முழுப் பளபளப்பு பலகையின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும், பளபளப்பே இல்லாத பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரிமழைக்குள் வேலையைத் தொடங்க வேண்டாம், ஈரக்காற்றில் பூச்சு நாட்கணக்கில் பிசுபிசுக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலமென்றால் மேற்கு யன்னலை அடைத்துவிட்டுப் பூசுங்கள், இல்லாவிட்டால் புழுதி ஒட்டிவிடும். தெரிந்தெடுத்த நிறத்தின் குறியீட்டு இலக்கத்தைக் கழுவுதொட்டிக்குக் கீழுள்ள கதவின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டதால், ஒரேயொரு கதவைத் திருத்தப் போய் எல்லாக் கதவுகளுக்கும் மீண்டும் பூச வேண்டியதாயிற்று.