கடைசிக் கேடயம் உடையுதில்லையா? கேட்டவர்களுக்குப் பதில்

இந்தக் கிழமை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே ஆட்டத்தைப் பற்றியவை. விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: பழைய விண்கலச் சண்டை ஆட்டமொன்றின் ரசிகர்கள் தாங்களே எழுதி, பிரவுசரில் விளையாடும்படி இலவசமாக விட்டது அது. கடைசிக் கட்டத்தில் எதிரியின் கேடயத்தைக் கிளிக் அடித்தே உடைக்க வேண்டும். 10 விநாடிதான். விரல் ஓய்ந்தால் கேடயம் திரும்ப வளரும். 19 நாள் தோற்று 20ஆம் நாள் உடைத்தவள் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை, தரம் 11 மாணவன்: அக்கா, கிளிக் வேகம் பார்க்கிற தளத்துல எனக்கு விநாடிக்கு 9 வருது. ஆட்டத்துல 6 தான் ஏறுது. ஆட்டம் கள்ளம் செய்யுதா?

இல்லை தம்பி. பட்டனை அமுக்கினால் மட்டும் பிரவுசர் அதைக் கிளிக் என்று எடுக்காது. அமுக்கியதும் விட்டதும் ஒரே பொருளின் மேல் நடந்திருக்க வேண்டும். வேகம் பார்க்கும் தளத்தில் பெட்டி பெரிது, அசையாது. இங்கே கேடயம் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அமுக்கி, விரலை எடுப்பதற்குள் திரையில் தெரியும் மௌஸ் அம்பு விளிம்புக்கு வெளியே போய்விட்டால் அந்த அடி வீண். உன்னுடைய மூன்று அடி அப்படித்தான் போகிறது.

எனக்கு இது விளங்கியது போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்த்த அன்று. என் விரல் பட்டனில் குத்தி, அங்கேயே அழுந்திக் கிடந்தது. மேலே வரும்போது பாதி தூரம்கூட வரவில்லை. அமுக்கும் வேகத்தில் எனக்குக் குறை இருக்கவில்லை, எடுப்பதில்தான் இருந்தது. மிருதங்கம் பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கை தோலில் ஒட்டிக்கொண்டால் அடுத்த தாளச் சொல் வராது.

பயிற்சியையும் அங்கிருந்தே எடுத்தேன். போனில் மெட்ரோனோமை, அதாவது ஒரே சீராகத் தட்டும் செயலியை, நிமிடத்துக்கு 90 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ‘தகதிமி’ என நான்கு கிளிக். அது விநாடிக்கு 6. இரண்டு நாள் பிசகாமல் வந்த பிறகு 105, அதாவது விநாடிக்கு 7. பிறகு 120, விநாடிக்கு 8. கேடயம் எனக்கு உடைந்தது 7க்குச் சற்று மேலே, ஆனால் 10 விநாடியும் ஒரே சீராக. முதல் மூன்று விநாடி மட்டும் விநாடிக்கு 10 என்று அடித்துவிட்டு 4க்கு இறங்குகிறவருக்கு, இறங்கும் நேரமெல்லாம் கேடயம் வளர்ந்துகொண்டிருக்கும்.

மௌஸை இறுக்கிப் பிடிக்காதே. இறுக்கினால் அம்பு நகரும்.

பம்பலப்பிட்டி: நானும் நண்பனும் ஒரே வேகம். அவன்ட பழைய லப்டொப்ல உடையுது, என்ட புது கேமிங் மொனிட்டர்ல உடையுதேயில்ல. ஏன்?

இந்தக் கேள்விக்காக உங்களைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் காரணம் உங்கள் கையில் இல்லை. உங்கள் திரை 144 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 தடவை புதுப்பிக்கப்படுவது என்று நினைக்கிறேன். ரசிகர்கள் செய்யும் ஆட்டங்கள் பலவற்றில், திரை ஒரு தடவை புதுப்பிக்கப்பட்டால் ஆட்டமும் ஒரு அடி நகரும்படி எழுதிவிடுவார்கள். கழிந்த நேரத்தை அளந்து கணக்குப் பார்க்கும் வரி இருக்காது. 60 ஹேர்ட்ஸ் திரையில் கேடயம் விநாடிக்கு 60 தடவை வளர்ந்தால் உங்களுடையதில் 144 தடவை வளரும். 2.4 மடங்கு! நண்பரின் லப்டொப் திணறி 60க்கும் கீழே ஓடினால் அவருக்கு இன்னும் இலகு.

விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதிக்குப் போய் 60 ஹேர்ட்ஸ் ஆக்கிவிட்டு விளையாடுங்கள். இது ஏமாற்று ஆகாது. செய்தவர்கள் நினைத்த கடினம் அந்த 60இல்தான் இருக்கிறது.

தெஹிவளை: ஓட்டோ கிளிக்கர் போட்டால் பிடிபடுமா?

பிடிக்கலாம். மனித விரலின் இடைவெளிகள் ஒருபோதும் சமமாக வராது. 130 மில்லிசெக்கன், அடுத்தது 118, அடுத்தது 141. தானாகக் கிளிக் அடிக்கும் அந்த மென்பொருள் 100, 100, 100 என்று போகும். பிடிபடுகிறதோ இல்லையோ, எப்படிப் போடுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். சம்பளமே வாங்காமல் இரவிரவாக இருந்து செய்தவர்களின் ஆட்டம் அது.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்: என்ர மௌஸ் ஒருக்கா அமுக்க ரெண்டு கிளிக் விழுது. ஆட்டத்துக்கு நல்லதுதானே?

பழுதாகிவிட்டது. பட்டனுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இன்னொன்றில் போய் மோதும். மோதும்போது சில மில்லிசெக்கனுக்குத் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் மௌஸ் கொஞ்சம் காத்திருக்கும். தகடு தேய்ந்தால், கறுத்தால், துள்ளல் அந்தக் காத்திருப்பையும் தாண்டிப் போய் இரண்டாவது கிளிக்காக விழுகிறது. உங்கள் பக்கத்து உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே கறள் பிடிக்கிறது, இந்தத் தகட்டைச் சொல்லவா வேண்டும்.

ஆட்டத்தில் இலாபம் போலத் தெரிந்தாலும் ஃபைலை இழுக்கும்போது பாதியில் விழுந்துவிடும். கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவில் வாங்கப் போனால் பெட்டியைத் திறந்து இடது பட்டனை அமுக்கிப் பார்க்கக் கேளுங்கள். லேசாக அமுங்கி, விரலைத் தானே மேலே தள்ள வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஒப்டிக்கல் சுவிட்ச் உள்ளதைப் பாருங்கள். அதில் ஒளிக்கதிர்தான் மறிக்கப்படுகிறது, துள்ளுவதற்கு உலோகம் இல்லை.

மருதானை: யப்பானில ஒருத்தர் விநாடிக்கு 16 அடிச்சதாம், உண்மையா?

நீங்கள் கேட்பது வீடியோ கேம் செய்த ஹட்சன் நிறுவனத்தின் தகஹாஷி மெய்ஜினைப் பற்றி. 1980களில் விநாடிக்கு 16 என்ற எண்ணாலேயே யப்பானியச் சிறுவர்களிடையே புகழ் பெற்றார். பத்து விநாடியில் எத்தனை தடவை அமுக்குகிறோம் என்று எண்ணும் சின்னக் கருவியொன்றையும் அந்த நிறுவனம் விற்றது. அவர் அடித்தது கேம் கொன்ட்ரோலர் பட்டனில் என்பதை மறக்க வேண்டாம். மௌஸோடு ஒப்பிட முடியாது.

வெள்ளவத்தை, ஒரு தாய்: பிள்ளை, என்ர மகன் முழங்கையில இருந்து கையை விறைக்க வைச்சு நடுக்கி நடுக்கி அடிக்கிறான். இரவில விரல் விறைக்குது எண்டுறான். பயமாக் கிடக்கு.

அம்மா, இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கள். ‘ஜிட்டர்’ என்று வீடியோக்களில் காட்டுவது இதைத்தான். தசையை இறுக்கி நடுங்க வைப்பதால் வேகம் வரும், தசைநாண்களுக்குச் சுமையும் வரும். எந்த விரல்கள் விறைக்கின்றன என்று கேளுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறதோ என்று பார்க்க வேண்டும். இரவில் கூடுவது அதன் வழக்கமான அடையாளம். தைலம் பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

கை தேறி, டொக்டரும் சரி என்ற பிறகு விளையாடட்டும். கதிரையை உயர்த்தி, முழங்கை மேசையில் படும்படி இருக்க வேண்டும். ஐந்து தடவை முயன்றால் ஐந்து நிமிடம் ஓய்வு. வலிக்கும் கையோடு நானும் இரண்டு நாள் விளையாடினேன். அந்த இரண்டு நாளும் என் எண்ணிக்கை இறங்கியதே தவிர ஏறவில்லை. மகனிடம் இதையும் சொல்லுங்கள்.

கிராண்ட்பாஸ்: போன்ல விளையாடலாமா?

வேண்டாம். போனுக்கென்று அமைக்காத பக்கங்களில், இரட்டைத் தட்டலைப் பெரிதாக்கும் கட்டளையாக எடுப்பதற்காகப் பிரவுசர் ஒவ்வொரு தட்டலுக்கும் கிட்டத்தட்ட 300 மில்லிசெக்கன் காத்திருக்கக்கூடும்.

கொட்டாஞ்சேனை, அதே மாணவன், நான்கு நாள் கழித்து: அக்கா, உடைஞ்சிட்டு! 105லயே!

கேட்டதும் துள்ளிக் குதித்தேன் தம்பி! ஒன்று செய், உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. இந்த ஆட்டம் மதிப்பெண்ணை உன் பிரவுசருக்குள்தான் வைத்திருக்கிறது. வீட்டில் யாராவது பிரவுசிங் டேட்டாவை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.