வாசகர் கேள்வி: வியட்நாமிய வீடுகளில் மௌனம் ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியக் குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது குறைவு என்று படித்தேன். பெற்றோரின் கண்டிப்புதான் அதற்குக் காரணமா?

பதில்: கண்டிப்புக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் அதைவிட ஆழமான காரணம் மொழியில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். வியட்நாமிய வீட்டில் 'நான்', 'நீ' என்ற பொதுச் சொற்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அவற்றின் இடத்தில் உறவுப் பெயர்களே நிற்கின்றன. பெற்றோரிடம் பேசும் பிள்ளை தன்னைக் 'கொன்', அதாவது பிள்ளை, என்று குறிப்பிடும். பெற்றோரும் அதே சொல்லால் அதை அழைத்து, தம்மைப் 'பா', 'மா' என்று சொல்லிக்கொள்வார்கள். தென் வியட்நாமில் வழங்கும் இவ்விரு சொற்களும் நம் காதுக்கு எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கின்றன! "எனக்குப் பசிக்கிறது" என்பதைக்கூட "மா, பிள்ளைக்குப் பசிக்கிறது" என்றுதான் அங்கே சொல்ல வேண்டும்.

1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வட வியட்நாமியப் படைகளிடம் வீழ்ந்தபின், கடலில் படகேறி, மலேசியாவின் புலாவ் பிடோங் போன்ற அகதி முகாம்களில் காத்திருந்து, கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் போன்ற நகரங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தார்கள். பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி எல்லோரையும் ஒரே சொல்லால் சுட்டும் ஆங்கிலத்தில் மகள் மறுமொழி சொல்லும்போது அவள் மனத்தில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஆனால் தந்தையின் காதிலோ, தன்னிடமிருந்து உறவே கழன்றுபோனதாக அது விழுகிறது. மூத்தவரை 'நீ' என்றால் துணுக்குறும் நமக்கு அந்த வலி எளிதில் புரியும்.

இன்னொரு புறம், பிள்ளையின் வியட்நாமிய மொழி சமையலறை அளவோடு நின்றுவிடுகிறது. பெற்றோரின் ஆங்கிலம் வேலையிடத்தின் அளவோடு நின்றுவிடுகிறது. மனச்சோர்வு, காதல், பிடிக்காத படிப்பு ஆகியவற்றைப் பேச இருவருக்கும் பொதுவான சொற்கள் இல்லை. கடலிலும், போருக்குப்பின் புதிய அரசு தென் வியட்நாமியரை அடைத்துவைத்த 'மறுகல்வி' முகாம்களிலும் பட்டதைச் சொல்லாமல் மறைத்தால் பிள்ளைகள் நலமாக வளர்வார்கள் என்று பெற்றோர் நம்பியதும் உண்டு. அவர்களுடைய அன்பு நறுக்கிவைத்த பழத்தட்டாகவும் "சாப்பிட்டாயா?" என்ற கேள்வியாகவும் வெளிப்படுகிறது, பிள்ளையோ தோழர்களின் வீடுகளில் கேட்கும் அன்பு மொழிகளை எதிர்பார்த்து ஏங்குகிறது.

மொழி முழுவதையும் காப்பாற்ற இயலாவிட்டாலும் உறவுச் சொற்களையாவது கைவிடாதிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு 'பா', ஒரு 'கொன்' வந்தாலும் போதும். பெற்றோரும் தங்கள் பயணக் கதையைப் பிள்ளையின் வயதுக்கேற்பச் சொல்லத் தொடங்க வேண்டும். காரணம் தெரியாத கண்டிப்பைவிடக் காரணம் தெரிந்த கண்டிப்பைப் பிள்ளைகளால் பொறுத்துக்கொள்ள முடியும்.

கேள்வி: இக்குடும்பங்களில் பிள்ளைகளே பெற்றோருக்கு உரைபெயர்ப்பாளராக இருப்பது பெருமைக்குரியதுதானே?

பதில்: கடிதங்களைப் படித்துக் காட்டுவது, கடையில் உதவுவது போன்றவற்றில் பெருமை உண்டு. ஆனால் தாயின் நோயை மருத்துவர் வாயிலிருந்து முதலில் கேட்டு, அதைத் தாயிடம் தானே சொல்ல வேண்டிய நிலை பத்து வயதுப் பிள்ளைக்கு வரவே கூடாது. அச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லும் பிள்ளையால் சிகிச்சையே தவறக்கூடும். வீட்டில் யார் பெரியவர் என்ற ஒழுங்கும் குலைகிறது. கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகள் மொழி உதவியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும், அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் சிறுவரை உரைபெயர்ப்புக்கு நம்பியிருக்கலாகாது என்பதும் அமெரிக்க விதிகள். ஆகவே, முன்பதிவு செய்யும்போதே வியட்நாமிய உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். பிள்ளை அன்று பள்ளிக்குப் போகட்டும்.